நிறத்தைப் பார்த்துப் பாம்பை அறியலாமா?

2022 ஆகஸ்ட் மாதம் செய்தித்தாளில் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கலாம். பாங்காக்கிலிருந்து சென்னை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்று, பெரிய ஆமைகள் இரண்டு, பால் பைத்தான் என்னும் சிறு மலைப்பாம்புகள் ஐந்து, கிங்ஸ்நேக் எனப்படும் பாம்புகள் பதினைந்து. எல்லாமே உயிரோடு. அவற்றை வந்த வழியே தாய்லாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று காலை நடைப்பயிற்சியில் நண்பர் ஒருவர், "பதினஞ்சு ராஜநாகமா? பொட்டியிலயா?" என்று வாயைப் பிளந்தார். ராஜநாகம் வேறு, இது வேறு. ராஜநாகம் கொடிய விஷமுள்ள பாம்பு. கிங்ஸ்நேக் அமெரிக்காவைச் சேர்ந்தது. விஷம் இல்லை. மூன்று நான்கு அடி நீளம் இருக்கும். மற்றப் பாம்புகளைப் பிடித்துத் தின்பதால்தான் இரண்டுக்கும் 'ராஜா' பட்டம் கிடைத்தது. அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பின் விஷம்கூடக் கிங்ஸ்நேக்கை எளிதில் சாய்க்காது.

விஷமில்லாத ஒரு சாதாரணப் பாம்பை ஒருவன் ஏன் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவர வேண்டும்? நிறம்தான் காரணம். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, வளையம் போட்டது, நெடுகக் கோடு போட்டது என்று வளர்ப்புச் சந்தையில் நிறத்துக்கு நிறம் விலை மாறும். இதைப் படித்தபோது எனக்குத் திண்டிவனத்தில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நானும் ஒரு பாம்பை அதன் நிறத்தை வைத்தே எடை போட்டவன்.

எழுபதுகளின் கடைசி. திண்டிவனத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். ஒரு மழைநாள் இரவு, சமையலறைச் சுவரில் கருப்பு கலந்த பழுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டையோடு ஒரு பாம்பு. கட்டுவிரியன் என்று கத்தினேன். பிள்ளைகள் பாயில் படுத்திருக்கிறார்கள். தடியை எடுத்தேன், முடித்துவிட்டேன்.

காலையில் அதைப் புதைக்க வந்த இருளர் பெரியவர் குச்சியால் புரட்டிப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, இதப் போயி அடிச்சிட்டியே. இது கட்டுவிரியன் இல்ல" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உட்கார்ந்து காட்டினார். "கட்டுவிரியனுக்குக் கழுத்தாண்ட பட்டை மங்கலாத்தான் இருக்கும், இல்லாமகூடப் போவும். வால் பக்கம் போவப் போவத்தான் பளிச்சுனு தெரியும். பட்டையும் ரெட்டை ரெட்டையா, நூலு மாதிரி வரும். இதுக்குக் கழுத்தாண்ட பளிச்சுனு கீது, வாலாண்ட மங்கிப் போச்சு பாரு. பல்லியப் புடிக்கச் செவுத்துல ஏறியிருக்கு, அவ்ளோதான்."

அது ஓநாய்ப் பாம்பு என்று பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கோல் வரையன் என்றும் எழுதுகிறார்கள். விஷம் கிடையாது. நானும் அந்தப் பெரியவரும் பார்த்தது ஒரே பாம்பைத்தான். நான் நிறத்தோடு நின்றுவிட்டேன். அவர் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தார்.

நம் பக்கத்துப் பாம்புகளின் நிறத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மல்லாட்டைக் கொல்லையில் பார்த்த சாரை மஞ்சளாக இருக்கும். ஏரிக்கரையில் பார்த்தது கரும்பழுப்பாக இருக்கும். மஞ்சள் சாரை, கருஞ்சாரை என்று பெயரே வைத்திருக்கிறோம். இனம் ஒன்றுதான். நல்ல பாம்பும் அப்படியே. கோதுமை நிறம், செம்பழுப்பு, கருப்பு என்று பார்க்கலாம். நம் ஊர் நாகத்துக்குப் படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி இருக்கும். வடமேற்கு இந்தியாவில் உடம்பெல்லாம் கருத்து, படத்தில் குறியே இல்லாமலும் இருக்கும். தண்ணீர்ப்பாம்பின் கட்டங்கள் ஒன்றில் அழுத்தமாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் இருக்கும். இது போதாதென்று, சட்டை உரிக்கும் நாள் நெருங்கினால் எந்தப் பாம்பும் மங்கி, கண் வெளுத்துப் போகும். உரித்த மறுநாள் புதிதாய்ப் பளபளக்கும். ஒரே பாம்பை ஒரு வார இடைவெளியில் பார்த்தால் இரண்டு பாம்பு என்று சத்தியம் செய்வோம்.

நிறத்தை வைத்துக் கட்டிய கதைகளும் நம்மிடம் குறைவில்லை. சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் பிணையும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. இரண்டும் வேறு வேறு இனம். வயலில் முறுக்கிக்கொண்டு எழுந்து ஆடுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காகவோ இடத்துக்காகவோ பலம் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று மஞ்சளாகவும் மற்றது கருப்பாகவும் இருந்துவிட்டால், அதை நாகம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் முறையாக முயன்றவர்களில் ஒருவர் நம் சோழமண்டலக் கரையில் வேலை பார்த்த பேட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக 1785-இல் பொறுப்பேற்றவர். விசாகப்பட்டினம் பக்கம் இருந்தபோது பாம்பாட்டிகளை வரவழைத்து, பாம்புகளைச் சேகரித்து, வண்ணப்படம் வரைய வைத்து, 1796-இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய பெரிய நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். கோழியையும் நாயையும் கடிக்கவிட்டு எது விஷப்பாம்பு என்று சோதித்தும் எழுதியிருக்கிறார். மக்களுக்கு எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று பிரித்துச் சொல்வதுதான் அவருடைய நோக்கம். கண்ணாடி விரியனை ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

பாம்பாட்டிகள் நாகத்தையே நிறம், குறி பார்த்துப் பல பெயர்களில் பிரித்தார்கள். ரஸ்ஸல் அவற்றை ஒரே நாகத்தின் வேறுபாடுகளாகவே எடுத்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையும் அப்படியே பதிவு செய்தார். மஞ்சளும் கருப்பும் பட்டை போட்ட ஒரு விரியனைத் தங்கப் பாம்பு என்ற பொருளில் 'பங்காரு' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்தான் பின்னால் கட்டுவிரியன் குடும்பம் முழுவதற்கும் 'புங்காரஸ்' என்ற அறிவியல் பெயராக ஆனது. நம் வீட்டுக் கட்டுவிரியனிடம் தங்க நிறம் மருந்துக்கும் இல்லை. ஆனாலும் அதன் அறிவியல் பெயரில் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதே சிக்கல் கடல் கடந்து கலிபோர்னியாவிலும் இருந்தது. அங்கே கருப்பு உடம்பில் வெள்ளை வளையம் போட்ட கிங்ஸ்நேக் எங்கும் உண்டு. சான் டியாகோ வட்டாரத்தில், முதுகு நெடுக ஒரே கோடு போட்டதும் கிடைத்தது. கோடு போட்டதற்கு 1835-இலும் வளையம் போட்டதற்கு 1853-இலும் தனித்தனி இனப் பெயர் வைத்தார்கள். நெடுங்காலம் இரண்டும் வேறு இனம் என்றே பலரும் எழுதிவந்தார்கள்.

அதைத் தீர்த்துவைத்தவர் லாரன்ஸ் கிளாபர் என்பவர். அவர் படித்தது பொறியியல். சான் டியாகோ மின்சார, எரிவாயு நிறுவனத்தில் வேலை பார்த்து, அதன் தலைவராகவும் உயர்ந்தவர். நம் மின்வாரிய இன்ஜினியர் ஒருவர் வேலை நேரம் போகப் பாம்பு ஆராய்ச்சி செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சினைப்பாம்புகள் இட்ட முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பார்த்தார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து கோடு போட்ட குட்டியும் வந்தது, வளையம் போட்ட குட்டியும் வந்தது. 1936-இல் அதை எழுதி வெளியிட்டார். ஒரே வீட்டில் ஒரு பிள்ளை சிவப்பு, ஒரு பிள்ளை கருப்பு என்று பிறப்பதில்லையா, அதுபோலத்தான். இரண்டு இனம் என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

ஆக, காட்டில் இந்த நிறங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கின்றன. எப்போதாவது வெள்ளைக் குட்டியும் பிறக்கும். 2023-இல் கோயம்புத்தூரில் ஒரு வெள்ளை நாகம் பிடிபட்டு, காட்டில் விடப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். கருமை தரும் நிறமி உடம்பில் உண்டாகாததால் வரும் வெளுப்பு அது. காட்டில் அப்படிப்பட்டது பிழைப்பது சிரமம். பருந்து, மயில், கீரி எல்லாவற்றின் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். அதனால் வெளுப்பு வந்தாலும் பெருகுவதில்லை. நிலத்தோடு நிறமாக இருப்பவை தப்பிக்கின்றன, முட்டையிடுகின்றன. எந்த நிறம் எவ்வளவு இருக்கலாம் என்பதை அந்தந்த ஊர் மண்ணும் பருந்தும் கீரியும் தீர்மானிக்கின்றன.

வளர்ப்புக் கூண்டில் பருந்தும் இல்லை, கீரியும் இல்லை. தீர்மானிப்பவர் வாங்குபவர். நம் ஊர்க்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். டி.எம்.வி. என்று மல்லாட்டை விதைக்குப் பெயர் இருக்கிறதே, அது திண்டிவனம்தான். நம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 ரகம், குடியாத்தம் பக்கத்துக் கொத்துக் கடலையிலிருந்து நல்ல செடிகளாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. நாட்டு விதையில் கலந்து கிடந்த குணங்களில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் முறை. பாம்பு வளர்ப்பவர்களும் அதையே செய்தார்கள். நம் நிலையம் பொறுக்கியது விளைச்சலுக்கு, குடியானவன் வயிற்றுக்கு. அவர்கள் பொறுக்கியது கண்ணுக்கு அழகுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

வெளுப்பு ஒரு ஒடுங்கிய குணம். தாய், தந்தை இருவரிடமும் அது மறைந்திருந்தால்தான் பிள்ளையிடம் வெளியே தெரியும். அதை விரைவாக வெளிக்கொண்டுவர வேண்டுமானால் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும். இதற்கு நாம் எல்லோரும் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. பேரப்பிள்ளைகளோடு வண்டலூர் போனால் வெள்ளைப் புலியின் முன்னால்தானே கூட்டம்? 1951 மே மாதம் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப் புலிக்குட்டியிலிருந்து தொடங்கிய வம்சக் கதை அது. மோகனைச் சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது பிறந்தவை எல்லாம் மஞ்சள் புலிகள். பிறகு மகளான ராதாவோடே மோகனைச் சேர்த்தார்கள். 1958-இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. மனிதர்களில் செய்யத் துணியாத ஒன்றைப் புலியிடம் செய்து பெற்ற நிறம் அது. அந்த வம்சத்தில் மாறுகண் முதலான குறைகள் வருவதும் தெரிந்த விஷயம். காட்டிலோ, கடைசி வெள்ளைப் புலி சுடப்பட்டது அதே 1958-இல்.

பாம்பு வளர்ப்பிலும் இதே கதைதான். பால் பைத்தானில் முதல் வெள்ளைக் குட்டிகளை வளர்ப்பில் பொரிக்க வைத்தது 1992-இல், அமெரிக்காவில். அதன்பின் நூற்றுக்கணக்கான நிற வகைகள் வந்தன. 'ஸ்பைடர்' என்று ஒன்று. சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள், பார்க்க அழகு. அந்த வகைப் பாம்புகளுக்குத் தலை நிலையாக நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கும். சில தலைகீழாகத் திருகிக்கொள்ளும், இரையைச் சரியாகக் குறிவைக்க முடியாது. அந்த நிறமும் அந்தக் குறையும் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகின்றன. அப்படியும் வாங்க ஆள் இருந்தது.

கூண்டுக்குள் இருக்கும்வரை அது வளர்ப்பவர் பாடு, பாம்பின் பாடு. கூண்டு திறந்துகொண்டால்தான் ஊர் முழுவதற்கும் கேடு. இதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனேரியா என்று ஒரு தீவு. அங்கே இயற்கையாகப் பாம்பே கிடையாது. யாரோ வளர்த்த கலிபோர்னியா கிங்ஸ்நேக்குகள் தப்பியோ, விடப்பட்டோ 1998 வாக்கில் வெளியே தென்படத் தொடங்கின. பிடிபட்டவற்றில் கோடு போட்டவையும் வெளுத்தவையும் ஏராளம். சொந்த ஊரில் வெளுத்தது பிழைப்பதே அபூர்வம் அல்லவா? அங்கே பாம்பைத் தின்று பழகிய பகையும் இல்லை, பாம்பும் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டது. அதனால் கூண்டில் பொறுக்கிய நிறமே காட்டின் நிறம் ஆகிவிட்டது. அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயல்பாக இல்லாத பெரிய ஓணான் ஒன்று உண்டு. பாம்பு பரவிய இடங்களில் அதன் எண்ணிக்கை 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பாம்பையே பார்த்தறியாத ஓணானுக்கு ஓடத் தெரியவில்லை.

இரண்டாவது புளோரிடா. வளர்த்து அலுத்தவர்கள் விட்டதும் தப்பியதுமான பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகிவிட்டன. சாலையோரம் சாதாரணமாகத் தென்பட்ட ரக்கூன் என்னும் விலங்கு, பாம்பு நெடுங்காலமாக இருந்த பகுதிகளில் 99 சதவீதம் குறைந்தது என்று 2012-இல் கணக்கிட்டார்கள். என்னென்னவோ முயன்று பார்த்துவிட்டு, 2017 ஜனவரியில் அவர்கள் ஆள் அனுப்பிக் கேட்டது யாரை? செங்கல்பட்டுப் பக்கத்துச் சென்னேரி இருளர்களை. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் போனார்கள். முதல் எட்டு நாளிலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண். கருவிகள் தோற்ற இடத்தில், தடத்தையும் சருகு கலைந்த விதத்தையும் எச்சத்தையும் பார்த்துப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டபோது, எங்கள் சமையலறைப் பாம்பைக் குச்சியால் புரட்டிக் காட்டிய அந்தப் பெரியவரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை.

இருளர்களின் கதையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு வளர்த்தார்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1976-இல் தோல் ஏற்றுமதி நின்றது. பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நாட்டுக்கான விஷமுறிவு மருந்து தயாராகிறது. கூண்டில் வைத்தாலும் வம்சம் பெருக்குவதில்லை, நிறம் பொறுக்குவதில்லை. எடுத்த பாம்பைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்கும் தொழில் இது.

இப்போது மீனம்பாக்கத்துப் பெட்டிக்கு வருவோம். அது ஒன்றோடு முடியவில்லை. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்தவரிடம் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எங்கோ ஒரு வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கத்தானே செய்யும்? பெட்டியின் மூடி ஒருநாள் சரியாக மூடாமல் போகலாம். மகன் வெளியூர் வேலைக்குப் போனபின் அம்மா, "இந்தச் சனியனை ஏரியில விட்டுட்டு வா" என்று சொல்லலாம். சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் ஏரிகளை என்ன செய்தன என்று விழுப்புரம், திண்டிவனம்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கழுவேலிச் சதுப்பு நிலத்தை 2021-இல்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு நடுவே அப்படி ஒரு புது விருந்தாளி வேண்டாம்.

உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ இளைஞர்கள் யாராவது வெளிநாட்டுப் பாம்பு, ஆமை, ஓணான் வளர்த்தால் திட்டாதீர்கள். வேண்டாம் என்று தோன்றும் நாளில் ஏரியிலும் காட்டிலும் விடாமல் வனத்துறையிடம் பேசி ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதுவே பெரிய உதவி.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்கள்தான். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணை வந்திருக்கிறது. கடிபட்டால் "மஞ்சளா இருந்துச்சு, சாரைதான்" என்று நிறம் சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது. பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போகவும் வேண்டாம். மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் மருந்து ஒன்றுதான். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் நேராகத் திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ போய்விடுங்கள்.

அந்த ஓட்டு வீட்டை விட்டு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன்பிறகு இரண்டு முறை எங்கள் வீட்டுச் சுவரில் பட்டை போட்ட பாம்பு ஏறியிருக்கிறது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, டார்ச் அடித்துத் தள்ளி நின்று கழுத்துப் பக்கம் பார்த்தேன். அப்படியும் என் கண்ணை முழுசாக நம்பாமல், தெரிந்த இருளர் ஒருவருக்கு ஆள் அனுப்பினேன். இரண்டு முறையும் அவர் சிரித்துக்கொண்டே கையில் எடுத்துப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டார்.